மஞ்சள் விளக்கு எரியும் சிவப்புப் பெட்டி

பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜுகளில், ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால், சாமி படத்துக்கும் சாவி மாட்டும் பலகைக்கும் நடுவில் ஒரு சிவப்புத் தகரப் பெட்டியைப் பார்க்கலாம். முகப்பில் நாலைந்து பொத்தான்கள், வரிசையாகக் குட்டி விளக்குகள். பச்சை எரிந்தால் கரண்ட் இருக்கிறது. சிவப்பு எரிந்தால் எங்கோ தீ. மஞ்சள் எரிந்தால் பெட்டிக்கே உடம்பு சரியில்லை. பல இடங்களில் எரிந்துகொண்டிருப்பது மஞ்சள்தான். அதோடு சேர்ந்து கேட்க வேண்டிய 'பீப்' சத்தம் மட்டும் கேட்காது. உள்ளே பஸ்ஸரின் வயரை யாரோ பிடுங்கிவிட்டிருப்பார்கள், அல்லது சத்தம் வரும் ஓட்டையின் மேல் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்பார்கள்.

ஃபயர் அலாரம் பேனல் என்று கடைக்காரர் முதல் தீயணைப்பு நிலைய அலுவலர் வரை சொல்லும் இந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டி வயர் இழுப்பது சில நாள் வேலை. அதை நம்பும்படி வைத்திருப்பது கட்டடம் நிற்கும்வரை செய்ய வேண்டிய வேலை. சிறு கட்டடங்களில் முதலாவது நடந்துவிடுகிறது, சான்றிதழ் வேண்டுமே. இரண்டாவது நடக்காததற்கு வாட்ச்மேனையும் மேனேஜரையும் குறை சொல்வது வழக்கம். அது பாதி நியாயம்தான். ராத்திரி நேரத்தில் பொய்யாக அலறும் பேனலை யாராக இருந்தாலும் ஒருநாள் வாயடைக்கத்தான் செய்வார்கள். அப்படிப் பொய்யாக அலறுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மாட்டிய அன்றே சுவருக்குள்ளும் கூரையிலும் புதைக்கப்பட்டவை.

சிறு கட்டடம் என்றால் எது? 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றை உயரக் கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அந்தக் கோட்டை 18.30 மீட்டரில் போட்டிருக்கின்றன. கோட்டுக்கு மேலே இருப்பவற்றின் மீது அதிகாரிகளின் கண் இருக்கிறது. கீழே இருப்பவை லாட்ஜ், இருபது படுக்கை மருத்துவமனை, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி, மாடியில் நடக்கும் டியூஷன் சென்டர். விதித்தொகுப்பு உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை; கட்டடம் எதற்குப் பயன்படுகிறது, அங்கே ஆட்கள் தூங்குகிறார்களா என்பதையும் பார்க்கிறது. நம் ஊர்ப் பேச்சில் மட்டும் 'மூணு மாடிதானே' என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜிலிருந்து கிளம்பிய தீயின் புகைமூட்டத்தில் சிக்கி இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள் அவர்கள். இரண்டுமே உயரக் கட்டடங்கள் அல்ல. இரண்டிலும் ஆளைக் கொன்றது புகை.

இங்கே ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொன்ற தீ கீற்றுக் கூரையில் பிடித்தது. நிமிடங்களில் தலைமேல் விழும் கீற்றுக் கொட்டகையை எந்தப் பேனலும் காப்பாற்றியிருக்காது. அதன் பிறகு பள்ளிகளில் கீற்று இறக்கப்பட்டது. இப்போதைய கட்டடங்கள் கான்கிரீட். ஆனால் ஜன்னலுக்கு கிரில், ஏசிக்காக அடைத்த கதவு, ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக் வயர். இங்கே தீ மெதுவாகப் புகைந்து, கண்ணுக்குத் தெரியும் முன்பே மூச்சை அடைக்கும். பேனல் என்ற கருவி உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏமாற்றப்படுவது குறையும். சாதாரண வகைப் பேனலிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது ஒவ்வொரு ஜோனுக்கும், இரண்டு வயர் கிளம்புகிறது. அதில் ஏறக்குறைய 24 வோல்ட் டிசி. அந்த ஜோடி வயர் முதல் டிடெக்டரின் அடித்தட்டுக்குப் போய், அங்கிருந்து அடுத்ததற்கு, அதற்கடுத்ததற்கு என்று பூத்தொடுப்பதுபோல் வரிசையாகப் போகும். கடைசி டிடெக்டரில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ரெசிஸ்டர். தொழிலில் அதை ஈஓஎல் என்பார்கள். வரிசையின் முடிவில் வைப்பது என்று பொருள். அது 4.7 கிலோ ஓம் என்றால், ஜோனில் எந்நேரமும் ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். பேனல் இரவும் பகலும் கை வைத்துப் பார்க்கும் நாடி இந்த 5 மில்லி ஆம்பியர்தான்.

டிடெக்டர் புகையை உணர்ந்ததும் தனக்குள் ஒரு வழியைத் திறந்துவிடும், ஓட்டம் பல மடங்கு ஏறும், பேனலில் சிவப்பு. வயர் எங்காவது அறுந்தால் ஓட்டம் நின்றுபோகும், மஞ்சள். யாராவது ஒரு டிடெக்டரைக் கழற்றினாலும் வரிசை அங்கே அறுபடுவதால் மஞ்சள். தீயைச் சொல்வது மட்டுமே இதன் வேலை என்று நினைப்பது தவறு. 'இப்போது தீ வந்தால் என்னால் சொல்ல முடியாது' என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் இதன் பெரிய குணம். வீட்டு அழைப்பு மணியிடம் அந்தக் குணம் கிடையாது. வயர் அறுந்த மணி சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் குணத்தைக் கெடுக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. வேலை முடிகிற நாளன்று மூன்றாவது மாடி ஜோனில் மஞ்சள் போகவே மாட்டேன் என்கிறது. எந்த மூட்டு விட்டிருக்கிறது என்று தேடினால் இன்னும் அரைநாள் ஆகும். அவசரக்கார டெக்னீஷியன், கடைசி டிடெக்டரில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே, ஜோன் வயர் கிளம்பும் இடத்திலேயே முறுக்கிவிடுகிறார். மஞ்சள் அணைந்துவிட்டது. பில் போட்டாயிற்று. இனி அந்த மாடிக்குப் போகும் வயரை எலி கடித்தாலும், பெயின்ட் அடிப்பவர் அத்தனை டிடெக்டரையும் கழற்றிக் கொண்டுபோனாலும் பேனல் பச்சையாகச் சிரிக்கும். இதன் தம்பி ஒன்று உண்டு: வரிசையில் போக வேண்டிய வயரை நடுவில் பிரித்து, கிளை இழுத்து ஒரு டிடெக்டரை ஒட்டவைப்பது. அந்தக் கிளை அறுந்தால் பேனலுக்குத் தெரியாது, ரெசிஸ்டர் மெயின் வரிசையின் முடிவில் அல்லவா இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டாம், ஓர் ஏணி போதும். வேலையை ஒப்படைக்கும் நாளில், மேல்மாடியின் கடைசி டிடெக்டரை இடப்புறமாகத் திருகிக் கழற்றச் சொல்ல வேண்டும். கீழே பேனலில் அந்த ஜோனுக்கு மஞ்சள் வர வேண்டும். வராவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம்.

மின்சாரத்தால் தீச்செய்தி சொல்வது புதிய யோசனை அல்ல. 1852இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், மருத்துவர் வில்லியம் சானிங்கும் மோசஸ் ஃபார்மரும் வடிவமைத்த தந்தி முறையைத் தெருக்களில் நிறுவியது. தெருப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் தலைமை நிலையத்தில் பெட்டி எண் பதிவாகும். ஆள் இல்லாமல் தானே புகையை மோப்பம் பிடிக்கும் கருவி வர இன்னும் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. 1930களில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்ய முயன்று தோற்று, அலுப்பில் சிகரெட் பற்றவைத்தபோது மீட்டர் முள் அசைந்தது என்று சொல்வார்கள். விஷவாயுவுக்கு மசியாத கருவி சிகரெட் புகைக்கு மசிந்தது. இன்றும் லாட்ஜ் அறையில் முதலில் அதை அசைப்பது சிகரெட்தான்.

இப்போது பரவலாக மாட்டப்படுவது ஒளியை வைத்து வேலை செய்யும் டிடெக்டர். உள்ளே இருட்டறை; அதில் ஒரு அகச்சிவப்பு விளக்கு, அதன் நேர்ப்பார்வையில் படாத இடத்தில் ஓர் ஒளி உணரி. புகைத்துகள் நுழைந்தால் ஒளி சிதறி உணரியின் மேல் விழும். சிக்கல் என்னவென்றால், சிதறடிப்பது புகைதானா என்று அதற்குத் தெரியாது. வெந்நீர் ஆவி, சாம்பிராணி, கொசுமருந்துப் புகை, உள்ளே குடியேறிய சிறு பூச்சி எல்லாமே அதற்கு ஒன்றுதான். தமிழ்நாட்டுக் கட்டடத்துக்கு டிடெக்டர் இடம் குறிப்பவர் வரைபடத்தோடு அந்தக் கட்டடத்தின் வெள்ளிக்கிழமையையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாமி படம் எங்கே, தூபம் எங்கே காட்டுவார்கள், தோசைக்கல் எங்கே, ஜெனரேட்டரின் புகை எந்தப் பக்கம் அடிக்கும்?

சமையலறையில் புகை டிடெக்டரே கூடாது. அங்கே வெப்ப டிடெக்டர், அதிலும் குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டால் மட்டும் இயங்கும் வகை நல்லது. வெப்பம் ஏறும் வேகத்தைக் கணக்கிடும் வகை, இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் பதறக்கூடும். கல்யாண மண்டபத்தில் ஓமம் வளர்க்கும் மேடைக்கு மேல் இருப்பதை என்ன செய்வது? அந்த ஜோனை முகூர்த்த நேரத்துக்கு மட்டும் பேனலில் ஐசோலேட் செய்து, அந்த நேரம் முழுக்க ஓர் ஆளை நிறுத்தி, முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். நடப்பது வேறு: மேடை டிடெக்டரின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவார்கள். அந்தப் பை அடுத்த தீபாவளிக்கும் அங்கேயே இருக்கும்.

பையைப் போலவே ஆபத்தானது டிடெக்டரோடு தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் மூடி. பூச்சு வேலை, பெயின்ட் முடியும்வரை தூசி நுழையாமலிருக்க அது தேவை. வேலை முடிந்தபின் கழற்ற வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. கூரையில் மூடியோடு இருக்கும் டிடெக்டரைப் பார்ப்பது அப்படியொன்றும் அபூர்வம் அல்ல.

எத்தனை, எங்கே என்பதற்கு இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 2189 வழி சொல்கிறது. தட்டையான கூரையில், எந்தப் புள்ளியிலிருந்தும் 7.5 மீட்டருக்குள் ஒரு புகை டிடெக்டர் இருக்க வேண்டும். வெப்ப டிடெக்டர் என்றால் 5.3 மீட்டருக்குள். படிக்கச் சுலபமான இந்த அளவுகளை நம் கட்டடங்களின் பீம்கள் குழப்பும். ஆழமான பீம் கூரையைச் சுவர்போல் தடுத்துவிடும். புகை ஒரு கட்டத்துக்குள்ளேயே தேங்கும். ஃபால்ஸ் சீலிங் போட்ட அறையில் வயர் எல்லாம் மேலே, டிடெக்டர் மட்டும் கீழே என்றால் தீ பிடிக்க வாய்ப்புள்ள இடம் கண்காணிப்புக்கு வெளியே போய்விடும். அந்த இடைவெளி 800 மில்லிமீட்டரைத் தாண்டினால் மேலேயும் டிடெக்டர் வேண்டும். ஏசி காற்று அடிக்கும் வாய்க்கு முன்னால் வைத்தால் புகை அதை நெருங்கவே நெருங்காது.

பேனல் எந்த வகை? பெரிய கட்டடங்களில் அட்ரஸபிள் என்பது வழக்கம். ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஓர் எண். எந்த அறை என்று பேனலின் திரையில் எழுத்தாகவே வரும். வயர் வளையமாகத் திரும்பி வருவதால் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து பேசும். பன்னிரண்டு அறை லாட்ஜுக்கு அது வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. நான்கு ஜோன் சாதாரணப் பேனல் போதும். ஆனால் மாடிக்கு ஒரு ஜோன், மாடிப்படிக்குத் தனியாக ஒன்று என்று பிரிக்க வேண்டும். கூடவே ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலும் வராந்தாப் பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, அதாவது ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர். பேனல் 'இரண்டாம் மாடி' என்று மட்டும் சொல்லும். மேலே ஓடுகிறவருக்கு எந்தப் பூட்டிய கதவு என்று சொல்வது இந்த விளக்குதான். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். அதைவிட மோசமான சிக்கனத்தை இந்தத் தொழிலில் காண்பது கடினம்.

கண்ணாடி உடைக்கும் சிவப்புப் பெட்டி, தொழிலில் எம்சிபி, வெளியேறும் வழியில் தரையிலிருந்து ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதன் முன்னால் சோபா, வாட்டர் கேன், கொலுப்படி எதுவும் கூடாது.

அடுத்தது கரண்ட். பேனலுக்கென்று தனி எம்சிபி வேண்டும். (மேலே சொன்னது கண்ணாடிப் பெட்டி, இது மின்பலகையில் இருக்கும் சுவிட்ச், ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது இந்தத் தொழிலின் சாபக்கேடு.) வாட்ச்மேன் செல்போன் சார்ஜ் போடும் பிளக்கிலிருந்து பேனலுக்குக் கரண்ட் எடுத்தால், ஒருநாள் சார்ஜர் ஜெயிக்கும். கரண்ட் போனால் தாங்குவதற்கு உள்ளே 12 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்தது. பொதுவான கணக்கு: 24 மணி நேரம் சும்மா விழித்திருந்து, அதன்பின் அரைமணி நேரம் எச்சரிக்கை ஒலி எழுப்பும் எல்லா ஹூட்டரையும் அலறவைக்க வேண்டும். சும்மா இருக்கும்போது பேனல் 0.1 ஆம்பியர் இழுக்கிறது, அலறும்போது 1 ஆம்பியர் என்றால், 2.4உடன் 0.5 சேர்த்து 2.9 ஆம்பியர்-அவர், பேட்டரி மூப்படைவதற்காகக் கால் பங்கு கூட்டினால் 3.6. கடையில் கிடைக்கும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி தாராளம். ஆனால் பேனல் மாடிப்படிக்கு அடியில், காற்றில்லாத மூலையில், சித்திரை வெயிலில் இருக்கிறது. ஈய-அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாகும். பேட்டரியின் மேல் ஐந்து வருடம் என்று அச்சிட்டிருந்தாலும் இங்கே அதை நம்பக்கூடாது. வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தால் செத்த பேட்டரியும் சில சமயம் 13 வோல்ட் காட்டும். எம்சிபியை இறக்கி, ஹூட்டரை அடிக்கவிட்டுப் பார்ப்பதே உண்மையான சோதனை.

ஐப்பசி மழையில் வேறொரு தொல்லை வரும். ஈரச் சுவரில் புதைந்த பைப்புக்குள் தண்ணீர் இறங்கி வயரின் காப்பு பலவீனமானால், 'எர்த் ஃபால்ட்' என்று மஞ்சள் வரும். வெயில் அடித்தால் போகும். மறுபடி மழை, மறுபடி மஞ்சள். இந்தக் கண்ணாமூச்சிதான் பல இடங்களில் பஸ்ஸர் மேல் டேப் ஒட்டவைக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் தேட யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

சரி, எல்லாம் ஒழுங்காக மாட்டியாயிற்று. விடிகாலை 3 மணிக்குச் சிவப்பு எரிகிறது. இப்போது என்ன?

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 15 மாலை 6.18க்குப் பேனல் சரியாகவே எச்சரித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த வேலைக்கு வந்து மூன்றாவது நாள். திரையில் வந்தது சில சொற்களும் ஒரு நீண்ட குறியீடும். அதைப் புரிந்துகொண்ட விதத்தில் காவலர் தவறான பரணுக்கு, பக்கத்துச் சிறு கட்டடத்தின் பரணுக்கு, அனுப்பப்பட்டார். அங்கே தீ இல்லை. உண்மையான பரணுக்கு ஏறிப் பார்ப்பதற்குள் ஏறக்குறைய அரைமணி நேரம் போய்விட்டது. எட்டு நூற்றாண்டு பழமையான மரச்சட்டகம் அதற்குள் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. ஆராய்ந்து அமைத்த கருவி, விலை உயர்ந்த கருவி. 'ஜோன்' என்பதற்குக் கட்டடத்தில் என்ன பெயர் என்று தெரியாத ஆள்.

லாட்ஜில் இதற்கு மருந்து மலிவு. பேனலுக்குப் பக்கத்தில் கட்டடத்தின் கோட்டுப்படம் ஒன்று, ஜோன்களைத் தமிழில், அங்கே வேலை செய்கிறவர்கள் வாயில் வழங்கும் பெயரில் எழுதி மாட்ட வேண்டும். 'ஜோன் 3' அல்ல. 'இரண்டாம் மாடி, 201 முதல் 206, துணி அயர்ன் பண்ணும் ரூம்'. வாட்ச்மேன் ஒடிசாக்காரராகவோ பீகார்க்காரராகவோ இருந்தால் அவருடைய எழுத்திலும் ஒன்று.

சிவப்பு எரிந்ததும் கை தானாகப் போவது ரீசெட் பொத்தானுக்கு. தப்பு. சாதாரணப் பேனலில் ரீசெட் அடித்தால் எந்த ஜோன் என்ற தகவலே அழிந்துபோகும். புகை மெல்லியதாக இருந்தால் மறுபடி சிவப்பு வரச் சில நிமிடங்கள் ஆகலாம், அதற்குள் 'பொய் அலாரம்' என்று மனம் முடிவு கட்டிவிடும். எந்த விளக்கு என்று பார்த்து, ஒருவர் மேலே போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். புகை தெரிந்தால் எல்லோரையும் வெளியேறச் சொல்லும் எவாகுவேட் பொத்தான், பிறகு 101 அல்லது 112. ஒன்றுமில்லை என்று உறுதியானால் ஹூட்டரை நிறுத்தி, காரணத்தை நோட்டில் எழுதி, அப்புறம்தான் ரீசெட். மேலே போகிறவர் லிஃப்டைத் தொடக்கூடாது. பேனலின் ரிலேயை லிஃப்டோடு இணைத்து, தீ என்றதும் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்தபடி நிற்குமாறு செய்ய முடியும். திண்டுக்கல் இரவுக்குப் பிறகு இதைக் கூடுதல் வசதி என்று ஒதுக்க முடியாது.

பொய் அலாரத்துக்கு விலை என்ன என்பதற்கு அமெரிக்காவின் நியூஜெர்சியில், செட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் நடந்தது பதில். 2000 ஜனவரி 19 அதிகாலை அங்கே பிடித்த தீயில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அலாரம் அடித்தது. ஆனால் அதற்கு முந்தைய சில மாதங்களில் 18 முறை அது பொய்யாக அடித்திருந்தது. பல மாணவர்கள் 'இன்னொன்று' என்று படுக்கையைவிட்டு எழவில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அதனால்தான் அந்த நோட்டு முக்கியம். ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், எடுத்த கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போடும் நோட்டு அல்ல. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த ஜோன், என்ன காரணம் என்று வாட்ச்மேன் எழுதுவது. மூன்று மாதம் எழுதினால் கதை தானாக வெளிவரும். 'ஜோன் 2, வெள்ளி மாலை 6.30' என்று நான்கு முறை இருந்தால் சாம்பிராணி. டிடெக்டரை இரண்டு மீட்டர் தள்ள வேண்டும். நேரம் காலம் இல்லாமல் ஒரே ஜோன் என்றால் பூச்சி அல்லது தூசி. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மழை நாள் மட்டும் என்றால் வயர்.

வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் வேறொரு மாடியில், சாவி போட்டு ஒரு கண்ணாடிப் பெட்டியை இயக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். அதை கம்பெனி ஆள் செய்வதைவிட இரவில் இருக்கப்போகிறவரே செய்வது மேல். அப்படி ஒரு சோதனையின்போது இன்னொருவர் மேல்மாடிக் கோடி அறைக்குப் போய், கதவைச் சாத்தி, ஏசியையும் மின்விசிறியையும் போட்டுவிட்டுக் கட்டிலில் தலைமாட்டில் உட்கார வேண்டும். தூங்குகிறவரை எழுப்ப அங்கே 75 டெசிபல் வேண்டும். போனில் இருக்கும் டெசிபல் ஆப் துல்லியமானதல்ல, ஆனாலும் ஒரு மதிப்புச் சொல்லும். மாடிப்படியில் காதைப் பிளக்கும் ஹூட்டர், இரண்டு கதவு தாண்டி அங்கே வரும்போது பக்கத்துத் தெருப் பாட்டுக் கச்சேரிபோல் கேட்கும். போன் 58 என்று காட்டுகிறது. வராந்தாவின் அந்தக் கோடிக்கு இன்னொரு ஹூட்டர் வேண்டும்.